சிம் போட முடியாது என்பதையும் விளம்பரத்தில் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி திறக்கும் சமயத்திலும் தீபாவளிக்கு முன்பும் நாளிதழைப் பிரித்தால் டேப்லெட் விளம்பரம்தான். திரை எத்தனை அங்குலம், பேட்டரி எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு என்பதெல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கிறது. சிம் கார்டு போட முடியுமா, முடியாதா என்பதை மட்டும் தேடித்தான் பார்க்க வேண்டும். மாடல் பெயரின் வாலில் பொடி எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில், வைஃபை என்று போட்டிருப்பதோடு சரி. இந்த ஒரு விவரத்தைத் தமிழில், விலை போட்டிருக்கும் அதே அளவு எழுத்தில் போட வைக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

ஒடுகத்தூரில் ரீசார்ஜ், ஜெராக்ஸ், செல்போன் சர்வீஸ் மூன்றும் சேர்ந்த கடை வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை இங்கே ஆட்டுச் சந்தை. பீஞ்சமந்தை பக்கத்து மலை ஊர்களிலிருந்து வருகிறவர்கள் வியாபாரம் முடிந்த கையோடு என் கடைக்கும் ஒரு நடை வந்துவிட்டுப் போவார்கள். அப்படி வந்த ஒரு பெரியவர் துண்டில் சுற்றிய புது டேப்லெட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். பிளஸ் டூ படிக்கும் பேத்திக்காக வேலூரில் ஒரு கடையில் தவணைக்கு வாங்கியது. அதற்கென்றே புது சிம்மும் வாங்கியிருந்தார். "இன்னாம்மா இது, சிம்மு போட்டும் நெட்டே வரமாட்டேங்குது" என்றார்.

டேப்லெட்டின் ஓரத்தில் ஊசியால் குத்தித் திறக்கும் ஓட்டை இருந்தது. குத்தினால் சின்ன டிரே வந்தது. பார்க்கிற யாருக்கும் சிம் டிரே என்றுதான் தோன்றும். ஆனால் அதில் இருந்தது ஒரே ஒரு குழி, அதுவும் மெமரி கார்டுக்கானது. நானோ சிம் அதைவிடச் சிறியது. குழியில் வைத்தால் உட்கார்ந்த மாதிரி இருக்கும், உள்ளே தள்ளியதும் நழுவி எங்காவது மாட்டிக்கொள்ளும். டார்ச் அடித்துப் பார்த்து, மெல்லிய இடுக்கியால் சிம்மை வெளியே எடுத்துக் கொடுத்தேன். "தாத்தா, இதுல சிம் போடவே முடியாது" என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. "வைஃபை இருக்கு, நெட்டு வரும்னு கடைக்காரப் பையன் சொன்னானே" என்றார்.

அந்தப் பையன் சொன்னது பொய் இல்லை. அதனால்தான் எனக்குக் கோபம் அதிகம். வைஃபை என்பது நெட்டைத் தானாக எங்கிருந்தும் கொண்டுவருவதில்லை. ஃபைபர் வழியாகவோ செல்போன் வழியாகவோ வந்துசேர்ந்த நெட்டைப் பக்கத்தில் இருக்கும் கருவிகளுக்குக் கம்பியில்லாமல் பங்கிட்டுக் கொடுக்கிறது, அவ்வளவுதான். வீட்டில் ஃபைபர் இருக்கும் சத்துவாச்சாரிக்காரருக்கு அதே டேப்லெட் நல்ல பொருள். சிம் போடும் மாடலைவிடச் சில ஆயிரம் குறைவு, தெரிந்து வாங்கினால் லாபம். மலைமேல் ஓட்டு வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு அது யாராவது போனை நீட்டினால்தான் வேலை செய்யும்.

போனில் வரும் நெட்டை வைஃபையாகப் பகிரும் ஹாட்ஸ்பாட் போட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். போடலாம்தான். பெரியவர் கையில் இருப்பது பட்டன் போன். அந்த வீட்டில் நெட் உள்ள போன் அவர் மகனுடையது. மகன் விடியற்காலையில் லோடு வண்டியோடு வேலூர் மார்க்கெட்டுக்குக் கிளம்பினால் வீட்டு நெட்டும் கூடவே வண்டி ஏறிவிடும். ராத்திரி அவர் வந்து படுக்கும்வரை இருக்கும் கொஞ்ச நேரத்தில்தான் பேத்தி தமிழக அரசின் மணற்கேணி செயலியில் பாட வீடியோ பார்க்க வேண்டும். அந்த நேரத்துக்குள் ஒரு நாளைக்கு 1.5 ஜிபி என்ற பேக்கில் பாதி தீர்ந்திருக்கும். மிச்சம் இருந்தாலும், போனில் அழைப்பு வந்தால் சிலருக்கு நெட் நின்றுவிடுகிறது. ஒரு போனை நம்பி இரண்டு பேர் என்றால் இப்படித்தான்.

இன்னொரு தொல்லையும் எனக்கு அடிக்கடி வருகிறது. ஹாட்ஸ்பாட் போட்டும் பெயரே பட்டியலில் தெரியவில்லை, டேப்லெட் பழுது என்று கொண்டுவருவார்கள். புதுப் போன்கள் பல 5 கிகாஹெர்ட்ஸ் அலையில் ஹாட்ஸ்பாட் போடும். பழைய டேப்லெட்டுகளிலும் விலை குறைந்தவற்றிலும் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே பிடிக்கும். ஹாட்ஸ்பாட் அமைப்புக்குள் போய் பேண்டை, அதாவது அலைவரிசையை, 2.4க்கு மாற்றினால் உடனே தெரியும். ஐபோனில் இதற்கென ஒரு தனி சுவிட்ச் உண்டு. லேப்டாப் என்றால் சார்ஜர் கேபிள் வழியாகவே போன் நெட்டைக் கொடுக்கும் யூஎஸ்பி டெதரிங் போட்டுவிடலாம், போனுக்குச் சார்ஜும் ஏறும். ஆனால் விண்டோஸ் லேப்டாப்பில் அந்த இணைப்பை 'மீட்டர்டு', அதாவது அளவுள்ள நெட், என்று குறித்து வைக்காவிட்டால், அளவில்லாத நெட் என்று நினைத்துக்கொண்டு அப்டேட்டை இறக்கி ஒரு நாள் டேட்டாவை ஒரே மூச்சில் குடித்துவிடும்.

நெட் மட்டும் இல்லை. ஜிபே, போன்பே போன்ற யூபிஐ செயலிகள் அந்தக் கருவிக்குள் இருக்கும் சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பித்தான் கணக்கை உறுதிசெய்யும். சிம் இல்லாத டேப்லெட்டில் அது நடக்காது. மளிகைக் கடையில் பணம் வந்ததைப் பெரிய திரையில் பார்க்கலாம் என்று வாங்கிவிட்டு என்னிடம் வந்தவரும் உண்டு.

வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுக்கலாமே என்றால், பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள், எடுக்க மாட்டோம் என்று பெரியவரிடம் சொல்லிவிட்டார்களாம். தவணை மட்டும் மாதாமாதம் ஓடுகிறது. நுகர்வோர் உதவி எண் 1915ஐ ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். ஆனால் அங்கே என்னவென்று புகார் சொல்வது? வைஃபை என்று பெட்டியில் போட்டுத்தான் இருக்கிறது. பெட்டியில் கட்டாயமாகப் போட வேண்டிய விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் சட்டத்துக்குப் போதும். ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்கிற மனிதருக்கு இந்தப் பெட்டியைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை என்றால் குறை அவரிடம் இல்லை.

2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிஎம்-வாணி என்ற பொது வைஃபை திட்டத்தில் டீக்கடைக்காரர்கூட உரிமம் இல்லாமல் வைஃபை கொடுக்கலாம். நானும் யோசித்துப் பார்த்தேன். போட்டாலும் என் கடை வாசலில்தான் நெட் வரும், மலைமேல் அந்தப் பெண் உட்கார்ந்து படிக்கும் திண்ணையில் வராது. அதனால் அது இதற்கு மருந்து ஆகாது.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பெட்டியின் ஸ்டிக்கரில் ஐஎம்இஐ என்று போட்டு 15 இலக்க எண் இருந்தால் அது மொபைல் நெட்வொர்க்கில் சேரும் கருவி. வைஃபை மட்டும் உள்ள மாடலுக்கு அந்த எண்ணே கிடையாது, சீரியல் எண் மட்டும் இருக்கும். பணம் கட்டுவதற்கு முன் அந்த ஸ்டிக்கரைக் காட்டச் சொல்லுங்கள். விற்பனைப் பையன் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

ஆனால் எல்லோரும் பெட்டியைத் திருப்பிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று இருக்கக் கூடாது. விளம்பரத்தை வாங்கிப் போடுவது நீங்கள். 'இதில் சிம் போட முடியாது, வீட்டில் வைஃபை இருந்தால் மட்டுமே நெட் வரும்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி விளம்பரதாரரிடம் கேட்க உங்களால் முடியும். அடுத்த பள்ளி திறப்பு விளம்பரங்கள் வருவதற்குள் அதைச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செல்போன் கடை நடத்தும் வாசகி,
ஒடுகத்தூர், வேலூர் மாவட்டம்.