வண்டியை எடுக்கும் முன் ஒருதரம் வந்து உட்காருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர் அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும், பழைய பைக்குகளைப் புதுப்பிக்கும் பாளையங்கோட்டைப் பட்டறையிலிருந்து வணக்கம்.

"பெயின்ட் காய்ஞ்சாச்சு, இன்ஜின் ஸ்டார்ட் ஆயிட்டு, இன்னும் என்னத்துக்கு ஒரு நாள்?" என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். அந்த ஒரு நாள், வண்டியின் பின்பக்க உயரத்தைச் சரிபார்ப்பதற்கு. அதற்கு வண்டி மட்டும் போதாது, ஓட்டப்போகிற ஆளும் வேண்டும். ஏன் என்று விவரமாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தப்பிலிருந்தே தொடங்குகிறேன். போன ஆடியில் ஒரு பழைய புல்லட் 350-ஐப் புதுப்பித்துக் கொடுத்தோம். தாத்தா ஓட்டிய வண்டி, பேரன் கேட்டு வாங்கியது. பின் சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் ஷாக் இரண்டும் ஆயில் கசிந்து செத்திருந்ததால் புதுசு வாங்கினோம். பெட்டியில் புல்லட் என்றுதான் போட்டிருந்தது. போல்ட்டும் சரியாக உட்கார்ந்தது. மாட்டிப் பார்த்தால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு வண்டி எடுப்பாக நின்றது. பையனுக்கும் அது பிடித்துப்போனது. மூன்றாம் நாள் காவல்கிணற்றிலிருந்து போன்: "அண்ணாச்சி, காத்து அடிச்சா ஹேண்டில் உதறுது. ஓரமா நிறுத்திட்டு நிக்கேன்."

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பக்கம் காற்றாலைகளைச் சும்மா நட்டு வைக்கவில்லை. ஆனாலும் காற்றின் மேல் பழியைப் போட எனக்கு மனசு வரவில்லை. வண்டியை ஏற்றிக்கொண்டு வந்து, புது ஷாக்கைக் கழற்றி, பழசுக்குப் பக்கத்தில் படுக்கப் போட்டு, மேல் ஓட்டை மையத்திலிருந்து கீழ் ஓட்டை மையம் வரை அளந்தோம். ஒன்று 22 மி.மீ. நீளம் கூடுதல், மற்றது 18. ஜோடியாக வந்த இரண்டுக்குள்ளேயே 4 மி.மீ. பேதம்! விற்ற கடையைத் திட்டினேன்தான். ஆனால் மாட்டும் முன் டேப்பை எடுக்காதது நாங்கள்.

இருபது மில்லி ஒரு பெரிய விஷயமா என்று கேட்கலாம். புல்லட்டில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே ஏறக்குறைய 1,370 மி.மீ. பின்பக்கம் 25 மி.மீ. உயர்ந்தால் வண்டி முழுவதும் ஒரு டிகிரி முன்னால் கவிழ்கிறது. அதோடு சேர்ந்து முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கும் ஒரு டிகிரி செங்குத்தாகிறது. ஆஸ்பத்திரித் தள்ளுவண்டியின் சக்கரத்தைப் பார்த்திருப்பீர்கள். தண்டுக்குப் பின்னால் தள்ளி இருப்பதால்தான் தள்ளும் திசைக்குத் தானாகத் திரும்பி நேராக ஓடுகிறது. பைக்கின் முன் டயரும் அப்படித்தான். ஹேண்டில் தண்டின் கோட்டைத் தரைவரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடம் அதற்குப் பின்னால் இருக்கும். ஃபோர்க் செங்குத்தாக ஆக அந்த இடைவெளி குறைகிறது. டவுனுக்குள் வளைத்து நெளித்து ஓட்ட லேசாக இருக்கும். நாலுவழிச் சாலையில் பக்கக்காற்று தட்டினால் உதறும்.

கூடவே சில்லறைத் தொல்லைகளும் வரும். சைடு ஸ்டாண்டில் வண்டி ரொம்பச் சாயும், செம்மண் தரையில் விழுந்தே விடும். சென்டர் ஸ்டாண்ட் போட்டாலும் பின் டயர் தரையை விடாது. ஹெட்லைட் ரோட்டைக் குனிந்து பார்க்கும். செயினைத் தனியாகச் சொல்ல வேண்டும். முன் பல்சக்கரம், ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் கை) போல்ட், பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் மிக இறுக்கம். ஷாக் நீளமானால் ஸ்டாண்டில் நிற்கும்போது ஸ்விங் ஆர்ம் இன்னும் கீழே தொங்கும். அந்த நிலையில் செயினைச் சரியாக வைத்துவிட்டு இரண்டு பேர் ஏறி உட்கார்ந்தால், அது கம்பிபோல விறைத்து, கியர்பாக்ஸ் பேரிங்கைத் தின்ன ஆரம்பிக்கும். அதனால் இப்போது ஆளை உட்கார வைத்துத்தான் செயின் வைக்கிறோம்.

இனி ஒவ்வொரு வண்டியையும் பிரிக்கும் முன்பும், முடித்துக் கொடுக்கும் முன்பும் அளந்து நோட்டில் எழுதுகிறோம். பின் ஆக்சில் மையத்துக்கு நேர் மேலே மட்கார்டில் ஒரு துண்டு ஒட்டு டேப் ஒட்டி அடையாளம். ஆக்சிலிலிருந்து அதுவரைதான் அளவு. சக்கரம் தரையில் படாமல் தொங்கும்போது ஓர் அளவு. வண்டி தன் எடையில் நிற்கும்போது ஓர் அளவு. நீங்கள் ஏறி, இரண்டு காலையும் ஃபுட்ரெஸ்டில் வைத்து உட்கார்ந்திருக்கும்போது ஓர் அளவு. எங்கள் பையன் முன்னால் ஹேண்டிலைப் பிடித்துக்கொள்வான், பயப்பட வேண்டாம். கடைசி இரண்டு அளவையும் இரண்டிரண்டு முறை எடுப்போம், ஒருமுறை சீட்டை அமுக்கிவிட்டு, ஒருமுறை தூக்கிவிட்டு. மூட்டுகளில் உள்ள பழைய புஷ்ஷின் இறுக்கத்தில் இரண்டும் ஒன்றாக வராது. நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்வோம். ஷாக்கின் ஓட்டம், அதாவது அது முழுசாக அமுங்கும் தூரம், 75 மி.மீ. என்றால், ஆள் ஏறியதும் அதில் 25 போல இறங்க வேண்டும். பத்துதான் இறங்குகிறது என்றால் பள்ளத்தில் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். நாற்பது இறங்கினால் மிச்சம் போதாது, வேகத்தடையில் முட்டும்.

இங்கே ஒரு பொதுவான தப்பு எண்ணம். ஷாக்கின் அடியில் உள்ள வளையத்தை சி ஸ்பேனரால் திருப்பினால் ஸ்பிரிங் கட்டியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்தான். வண்டி நிற்கும் உயரம்தான் மாறும். 60 கிலோ ஆளுக்கும் 95 கிலோ ஆளுக்கும் ஒரே உயரத்தைக் கொடுக்கத்தான் அந்த வளையம். வளையத்தைக் கடைசிப் படிவரை ஏற்றியும் வண்டி உட்கார்ந்தே போகிறது என்றால் ஸ்பிரிங்கைத்தான் மாற்ற வேண்டும்.

டயரையும் கேட்டுக்கொள்ளுங்கள். 3.25-19 (முதல் எண் டயரின் அகலம், அங்குலத்தில்) இருந்த இடத்தில் பின்னால் மட்டும் 3.50-19 போட்டால் அதிலேயே 6 மி.மீ. போல ஏறிவிடும். பழைய ஷாக்கின் நீளத்தையும் வேதவாக்காக எடுப்பதில்லை. உங்களுக்கு முன் வைத்திருந்தவர் எதை மாட்டினாரோ, யார் கண்டது?

கால் எட்டவில்லை என்று ஷாக்கைக் குட்டையாக்கச் சொல்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சீட் ஸ்பாஞ்சைக் குறைத்துத் தருகிறோம், அதோடு நிறுத்திக்கொள்வோம். ஷாக்கைக் குறைத்தால் பாபநாசத்துக்கு மேலே காரையார் போகும் வளைவுகளில் ஸ்டாண்ட் ரோட்டை உரசும். தூக்கி நிறுத்தச் சொல்லும் தம்பிமார்களுக்கும் இதே பதில்தான். காவல்கிணற்றுப் பேரனைக் கேட்டுப்பாருங்கள். அவருக்குச் சரியான நீளத்தில் வேறு ஜோடியை எங்கள் செலவில் மாட்டிக் கொடுத்தோம். பார்க்க முன்னைப்போல எடுப்பாக இல்லை என்று அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் கன்னியாகுமரி வரை போய் வந்துவிட்டார்.

எங்களிடம் ஏற்கெனவே ஷாக் மாற்றிய எல்லாரும் ஒருமுறை கொண்டுவாருங்கள். அளந்து பார்க்கக் காசு இல்லை, அரை மணி நேரம் ஆகும். பின்னால் வழக்கமாக யார் உட்காருவார்களோ அவரையும் கூட்டி வாருங்கள். தினமும் பால் கேனோ அரிசி மூட்டையோ ஏற்றுகிறவர்கள் அதைச் சொல்லிவிடுங்கள். டேங்கில் பாதிக்காவது பெட்ரோல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பட்டறையில் உள்ள எல்லாரும்