பாக்டீரியா தின்றுவிடும் என்று எழுதிவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் எண்ணெய் தின்னும் பாக்டீரியா பற்றிய கட்டுரையைப் படித்தேன். 2023 டிசம்பரில் கொசஸ்தலை ஆற்றில் கலந்த எண்ணெயை அந்த ஆற்றிலுள்ள பாக்டீரியாவே தின்று தீர்த்துவிடும் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. வாசித்துக் காட்டியதும் என் அண்ணி, "அப்போ நம்ம கையில எதுக்கு வாளியக் கொடுத்தாங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நான் எண்ணூர் முகத்துவாரத்தில் மீன்பிடித் தொழில் செய்கிறவன். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெய் வந்தபோது வெறுங்கையால் வாளியில் அள்ளினோம். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும் வாளிதான். ஏறக்குறைய ஏழு வருஷம் கழித்தும் அதே வாளி.

கட்டுரை பொய் என்று சொல்லவில்லை. என் மகள் நுண்ணுயிரியல் படிக்கிறாள். இலேசான எண்ணெயை பாக்டீரியா சீக்கிரம் தின்றுவிடுமாம், தார் மாதிரியான கனத்த பகுதி வருஷக்கணக்கில் கிடக்குமாம். ஆய்வகக் குடுவையைக் குலுக்கிக்கொண்டே இருப்பார்கள். காற்று, தழைச்சத்து, மணிச்சத்து எல்லாம் கிடைக்கும். எண்ணெய்க் கசடு கலந்த நிலத்தில்கூட மண்ணை உழுது காற்றுப் பட வைக்கிறார்கள். சரி, அலையாத்தி மரங்கள் நிற்கிற சேற்றை யார் உழுவது? விரற்கடை ஆழத்துக்குக் கீழே அங்கே காற்றே கிடையாது. தண்ணீர் வற்றும் நேரத்தில் காலை ஊன்றினால் நீலமும் மஞ்சளுமாகப் படலம் மேலே வருகிறது. அந்த மரத்தின் மூச்சு வேரிலேயே தார் அப்பியிருக்கிறது.

என் அண்ணி பறிக் கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டு, தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர். எண்ணெய் வந்த பிறகு சந்தையில் அவர் இறாலை எடுத்து மோந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்கள். குடும்பத்துக்கு 12,500 ரூபாய் நிவாரணம் வந்தது. அது எத்தனை நாளைக்கு?

அதற்கும் முன்னால் ஆற்றில் அனல்மின் நிலையத்துச் சாம்பல். ஆறு மேடாகிப் படகு தரைதட்டுகிறது. இதைப் பற்றி உங்களுக்கு நான்கு முறை எழுதினேன், ஒன்றுகூட அச்சாகவில்லை. எங்கள் ஆற்றின் நிலை உங்களுக்குத் தெரியாதது அல்ல. அதனால்தான் இந்த வரி இவ்வளவு வலிக்கிறது.

எண்ணெயை முதலில் அள்ள வேண்டும், அள்ளியது போக மிஞ்சியதுதான் பாக்டீரியாவின் வேலை என்று ஒரு திருத்தம் போடுங்கள். இடமில்லை என்றால் ஒரு வரி போதும். என் பெயர் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு மீனவர், எண்ணூர்