இரண்டு பவுண்டு மாவு

அன்புள்ள ராஜி,

உன் கடிதத்துக்குப் பதில் போட மூன்று வாரம் ஆகிவிட்டது, திட்டாதே. பாட்டியின் அம்மா பேர்கூடத் தெரியவில்லை என்று புலம்பியிருந்தாயே, அதைப் படித்த நேரம் நானும் இங்கே சால்ட் லேக் சிட்டியில் ஒரு பெண்ணின் குடும்பக் கதைக்குள் விழுந்து கிடந்தேன். இந்த ஊர் மோர்மன்களுக்கு (அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவச் சபைக்காரர்கள்) முன்னோரைத் தேடுவது பொழுதுபோக்கு இல்லை. செத்துப்போனவர்களையும் சடங்கு செய்து குடும்பமாகச் சேர்த்துவிட முடியும் என்பது அவர்கள் நம்பிக்கை, அதற்குப் பேர் தெரிய வேண்டுமே!

இவள் பெயர் ஜேன் மானிங் ஜேம்ஸ். கனெக்டிகட்டில் அடிமையாக இல்லாமல் பிறந்த கறுப்பினப் பெண். 1840களின் தொடக்கத்தில் மோர்மன் சபையில் சேர்ந்து, அம்மா, அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோரையும் கூட்டிக்கொண்டு 1843இல் இல்லினாயில் இருந்த நாவூ நகரத்துக்குக் கிளம்பினாள். வழியில் பஃபலோ என்ற ஊரில் படகில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். சரி, நடப்போம் என்று ஏறக்குறைய 800 மைல் நடந்திருக்கிறார்கள். செருப்பு தேய்ந்து, பாதம் வெடித்து, மண்ணில் ரத்தச் சுவடு பதிந்ததாம். வழியில் 'நீங்கள் அடிமை இல்லை என்பதற்குச் சீட்டு எங்கே' என்று மிரட்டல் வேறு. அடிமையாகவே இருந்ததில்லை, சீட்டு எங்கிருந்து வரும்? போய்ச் சேர்ந்த பிறகு, தனியாக அனுப்பிய துணிப்பெட்டி தொலைந்துபோனது தெரிந்து உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அத்தனை நடந்தவள் துணிக்காக அழுதாள் என்ற இடத்தில்தான் எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது.

சபையை நிறுவிய ஜோசஃப் ஸ்மித்தின் வீட்டில் வேலைக்கு இருந்தாள். 'எங்கள் பிள்ளையாகச் சேர்ந்துகொள்கிறாயா' என்று அவர் மனைவி எம்மா கேட்டபோது, அது குடும்பமாகச் சேர்க்கும் அந்தச் சடங்கு விஷயம் என்று புரியாமல் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அப்புறம் ஐசக் ஜேம்ஸைக் கல்யாணம் செய்து, 1847 செப்டம்பரில் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தாள். இரண்டு வருஷம் கழித்து ஊரே பசியில் இருந்தபோது, எலைசா லைமன் என்ற பெண் தன் நாட்குறிப்பில் எழுதுகிறாள்: ஜேன் ஜேம்ஸ் இரண்டு பவுண்டு மாவு கொடுத்தாள், அவளிடம் இருந்ததில் அது பாதி.

பின்னாளில் புருஷன் விட்டுவிட்டுப் போய், இருபது வருஷம் கழித்துத் திரும்பி வந்தான், அவனையும் வைத்துப் பார்த்துக்கொண்டாள். (நீயாக இருந்தால் கதவைச் சாத்தியிருப்பாய்!) பிள்ளைகளில் பெரும்பாலோரைத் தன் கையாலேயே அடக்கம் செய்ய வேண்டி வந்தது.

வயதான காலத்தில், அன்று எம்மா கேட்டது நினைவிருக்கிறது, என்னைப் பிள்ளையாகச் சேர்த்துவிடுங்கள் என்று சபைத் தலைவர்களிடம் மன்றாடிக்கொண்டே இருந்தாள். கறுப்பினத்தவருக்கு ஆலயத்தின் முக்கியச் சடங்குகள் கிடையாது, 1978 வரை அந்தத் தடை நீங்கவில்லை. கடைசியில் 1894இல் ஒரு சடங்கு செய்தார்கள், ஆனால் பிள்ளையாக அல்ல, ஜோசஃப் ஸ்மித் குடும்பத்துக்கு என்றென்றைக்கும் வேலைக்காரியாக. அவளை உள்ளேகூட விடவில்லை, அவளுக்குப் பதிலாக வேறொரு பெண் நின்றாள். செத்துப்போன ஜோசஃபுக்குப் பதிலாக நின்றவர் அவருடைய அண்ணன் மகன் ஜோசஃப் எஃப். ஸ்மித். 1908இல் ஜேனின் இறுதிச் சடங்கில் எழுந்து பேசியவரும் அதே மனிதர்தான், அப்போது அவர் சபைத் தலைவர். எனக்கு வயிறு எரிந்தது. அவளோ அந்த 1894 சடங்குக்குப் பிறகும் கேட்பதை நிறுத்தவில்லை, சபையை விட்டுப் போகவும் இல்லை.

கடைசிக் காலத்தில் தன் கதையை ஒருத்தியிடம் சொல்லி எழுதவைத்தாள். அதில் நடை, பனி, துணிப்பெட்டி எல்லாம் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பே பிறந்த மூத்த மகன் சில்வெஸ்டரின் அப்பா யார் என்று மட்டும் வாயே திறக்கவில்லை.

அதனால் உன் பெரியம்மாவிடம் கேட்கும்போது எல்லாவற்றையும் ஒரே நாளில் தோண்டாதே. முதலில் அந்தக் காலத்தில் யார் யாருக்கு அரிசி கடன் கொடுத்தார்கள் என்று கேள், அதிலேயே நாலைந்து பேர் வந்து விழும். வந்ததை அப்படியே எனக்கு எழுது.

அன்புடன்,
மீனா