11 வயதில் வரும் பிள்ளைக்கும் இடம் வேண்டும்

மிடில்செக்ஸ் இளையோர் கிரிக்கெட்டை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

1965இல் மிடில்செக்ஸ் என்ற இங்கிலாந்து நிர்வாகக் கவுண்டியின் (மாவட்டம் போன்றது) பெரும்பகுதி லண்டனுக்குள் கரைந்துபோனது. கிரிக்கெட்டில் அந்தப் பெயர் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஹரோ, பிரென்ட், ஈலிங், ஹவுன்ஸ்லோ, என்ஃபீல்ட் எல்லாம் அதன் எல்லைக்குள்தான். ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் வாழும் இடங்களும் இவைதான். கவுண்டியின் இளையோர் பிரிவுக்கும், கிளப்புகளின் இளையோர் குழுக்களுக்கும், கொஞ்சம் எங்கள் சங்கங்களுக்கும் சேர்த்தே இந்த மடலை எழுதுகிறோம்.

5 முதல் 8 வயதுவரை ஆல் ஸ்டார்ஸ், 8 முதல் 11 வரை டைனமோஸ். இரண்டும் பிள்ளைகளுக்கான நல்ல மென்பந்துக் கிரிக்கெட் திட்டங்கள். வெள்ளிக்கிழமை மாலைகளில் மைதானம் நிறையப் பிள்ளைகள் ஓடித் திரிவதைக் காணலாம். அதே கிளப்பின் 13 வயதுக்குட்பட்டோர் அணிக்கு 11 பேர் சேர்ப்பதற்குள் மேலாளர் வாட்ஸ்அப்பில் மன்றாட வேண்டியிருக்கிறது. நடுவில் பிள்ளைகள் எங்கே போகிறார்கள்?

எங்கள் வீடுகளைப் பொறுத்தவரை பதில் நேரானது. தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் அரசு கிராமர் பள்ளிகளுக்கான 11 பிளஸ் தேர்வு, பள்ளியின் 6ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், செப்டெம்பரில் நடக்கிறது. அதற்கு முந்தைய கோடை முழுவதும் டியூஷன்தான். சனிக்கிழமை காலை தமிழ்ப் பள்ளி வேறு. கிளப்பில் மற்றப் பிள்ளைகள் மென்பந்திலிருந்து தோல் பந்துக்கு மாறுவதும் அதே கோடையில்தான். தேர்வு முடிந்து அடுத்த ஏப்ரலில் திரும்பி வரும் பிள்ளையை நேரே தோல் பந்துப் பயிற்சி வலைக்குள் நிறுத்துகிறோம். எதிரே கூடப்படித்தவன், ஒரு பருவம் பந்து வீசிப் பழகியவன், ஓடி வருகிறான். முதல் பந்து விலாவில் படுகிறது. இரண்டாவது பந்துக்கு முன்பே பின்கால் பந்தின் வழியை விட்டு லெக் பக்கம் நகர்ந்துவிடுகிறது. அந்தப் பயத்தைக் கால்களிலிருந்து எடுக்க ஒரு பருவம் போதாது. பல பிள்ளைகள் அதற்குக் காத்திருப்பதில்லை. மூன்றாவது வாரமே நின்றுவிடுகிறார்கள்.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை: ஒவ்வொரு கிளப்பிலும் தேர்வு முடித்துத் திரும்பும் பிள்ளைகளுக்கென்று தோல் பந்துத் தொடக்கக் குழு ஒன்று வேண்டும். 12 பிள்ளைகள், 2 பயிற்சியாளர், 6 வாரம். முதல் இரண்டு வாரம் உள்ளே மென்மையான, தோல்போல் மேலுறை கொண்ட பயிற்சிப் பந்து. கையில் பிடிக்கும் பயிற்சியே பாதி நேரம், ஏனென்றால் பந்தைக் கையில் வாங்கப் பயப்படாத பிள்ளை மட்டையோடும் பயப்படாது. அடுத்த இரண்டு வாரம் முழுக் கவசத்தோடு தோல் பந்து. பயிற்சியாளர் 8, 10 யார் (கெஜம்) தூரத்திலிருந்து கைக்கீழாக எறிவார். கடைசி இரண்டு வாரம் 16 யாரில் பந்துவீச்சு, அதுவும் இந்தக் குழுவுக்குள் மட்டும். பெரிய பையன்களை இந்த வலைக்குள் விடவே கூடாது.

கவசத்துக்கு இவ்வளவு போதும்: பிள்ளைகள் அளவில் 4 சோடி கால்கவசம், 4 சோடி கையுறை, 4 ஹெல்மெட், விக்கெட் காப்பாளருக்கு ஒரு தொகுதி. இரண்டு பேர் ஆட, இரண்டு பேர் கட்டிக்கொண்டு காத்திருக்க, நான்கு சரியாக வரும். கையுறையில் ஒரு சோடி இடக்கைக்காரருக்கு இருக்கட்டும். எப்போதும் மறந்துபோவது அதுதான். அடிவயிற்றுக் காப்பு மட்டும் பொதுப்பையில் வேண்டாம், அவரவர் வாங்க வேண்டும்.

ஹெல்மெட்டில் ஒரு விஷயத்தை எல்லாப் பெற்றோருக்கும் கையில் எடுத்துக் காட்டுங்கள். வளர்ந்தவர் பந்து 5½ அவுன்ஸ், சிறுவர் பந்து 4¾ அவுன்ஸ், சுற்றளவிலும் சிறியது. அண்ணனோ மாமாவோ போட்ட ஹெல்மெட்டின் முன்விளிம்புக்கும் முகக்கம்பிக்கும் நடுவே பெரிய பந்து போகாது, சிறிய பந்து போகலாம். பிரிட்டிஷ் தரம் 7928:2013 இந்த இரண்டு பந்துகளுக்கும் தனித்தனியாகச் சோதிக்கிறது. உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் சிறுவர் பந்தும் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

மட்டையிலும் இதே பிழை நடக்கிறது. "வளருற பிள்ளைதானே" என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கிக் கொடுக்கிறோம். மேல்கை தூக்கமுடியாமல் கீழ்கை இழுக்க, நேர் மட்டை குறுக்கே போகிறது. கடையிலேயே பிள்ளை மேல்கையால் மட்டும் மட்டையை முன்னே நீட்டிப் பத்து விநாடி பிடிக்கட்டும். கை நடுங்கினால் அந்த மட்டை வேண்டாம். 6ஆம் அளவுக்கும் பெரியவர் மட்டைக்கும் இடைப்பட்ட அளவின் பெயரே ஹரோ. அந்த ஊரில் வாழும் பிள்ளைகள் அதைத் தாண்டி நேரே பெரிய மட்டைக்குப் போவது எங்களுக்கு ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கிறது.

போட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 22 யார் ஆடுகளத்தில் 10 வயதுப் பிள்ளை வீசினால் பந்து இரண்டு முறை குத்தும், இல்லையேல் வானத்துக்குப் போகும். பாதி ஓவர் வைட். 9 வயதுக்கு 16 யார், 11க்கு 18, 13க்கு 20 அல்லது 21 என்று செயற்கைத் தளத்தில் நிரந்தரக் கோடு போட்டுவிட்டால் தினமும் அளக்கத் தேவையில்லை. முதல் பருவப் பிள்ளைகளுக்குச் சோடி ஆட்டமே நல்லது: அணிக்கு 8 பேர், 4 சோடி, ஒவ்வொரு சோடிக்கும் 4 ஓவர். அவுட் ஆனால் ஓட்டம் குறையும், பிள்ளை வெளியே போகாது. 11 பேர் அணிகளில் 25 ஓட்டம் எடுத்தவருக்கு ஓய்வு, பந்துவீச ஒருவருக்கு 3 ஓவர் என்று வையுங்கள். இரண்டு கெட்டிக்காரர்கள் ஆட்டத்தை வெல்ல, ஒன்பது பேர் எல்லைக்கோட்டில் புல் பிடுங்கும் ஆட்டத்துக்கு யாரும் அடுத்த வாரம் வரமாட்டார்கள்.

பூங்காக்களின் செயற்கைத் தளங்களைக் கவுன்சில்களோடு சேர்ந்து பாருங்கள். பெரும்பாலும் கெடுவது விரிப்பல்ல, அதன் இரண்டு முனைகள். விரிப்பு முடிந்து மண் தொடங்கும் இடத்தில் பந்துவீசுகிறவர் ஓடி வந்து ஓடி வந்து குழி விழுகிறது, விளிம்பு தூக்கி நிற்கிறது, கால் பிரளுகிறது. மாதம் ஒருமுறை மண் இட்டு இடித்து, விளிம்பை ஆணியடித்து, பாசியைத் துலக்கினால் போதும். கூடவே மாலை 8 மணிவரை கழிப்பறை திறந்திருக்க வேண்டும். அது பூட்டியிருக்கும் பூங்காவில் பெண்பிள்ளைகள் அணியை நடத்த முடியாது.

கவுண்டி இளையோர் அணித் தெரிவில் இரண்டு விஷயம். வயதுக் கணக்கு செப்டெம்பர் 1இல் தொடங்குவதால், ஆகஸ்டில் பிறந்த பிள்ளை ஏறக்குறைய ஒரு வயது மூத்தவரோடு போட்டியிடுகிறது. தெரிவாளர் கையிலிருக்கும் தாளில் பிறந்த மாதமும் இருக்கட்டும். பத்து நிமிட வலையில் வேகமாக வீசுகிறவர் தெரிவார். பந்தைத் திருப்பும் சின்னப் பிள்ளை தெரியாது. ஒரு போட்டியிலாவது போய்ப் பாருங்கள். தெரிவாகும் வேகப்பந்து வீச்சாளர் பள்ளி, கிளப், கவுண்டி என்று மூன்று இடத்தில் வீசுகிறார். ஒவ்வோர் இடத்திலும் ஓவர் வரம்பு உண்டு. மூன்றையும் கூட்டிப் பார்க்க ஆளில்லை. வளரும் முதுகெலும்பில் வெடிப்பு வருவது இப்படித்தான். வலையில் வீசியதும் சேர்த்து எழுதும் ஒரு கைக்குறிப்பேட்டைப் பெற்றோரிடம் கொடுங்கள்.

எங்கள் பழைய மாணவர் சங்கங்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். யாழ்ப்பாணப் பள்ளிகள் இரண்டு ஆண்டுதோறும் மோதும் 'வடக்கின் போர்' கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள் உங்களில் எத்தனையோ பேர். உங்கள் கோடைச் சுற்றுப்போட்டிக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கு போதும்: சங்கத்துக்கு இரண்டு பேர் நடுவர் பயிற்சிக்கும், ஒருவர் ஓட்டக்கணக்குப் பயிற்சிக்கும், ஒருவர் பயிற்சியாளர் வகுப்புக்கும் போகட்டும். பிள்ளைகளோடு பழகுவதற்கான பின்னணிச் சோதனைக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். அது வரத் தாமதமாகிச் சித்திரை தாண்டினால் அந்தப் பருவம் வீண்.

குளிர்காலத்தில்தான் அடுத்த ஆண்டு அட்டவணை எழுதப்படுகிறது. அதற்கு முன், நவம்பருக்குள், தோல் பந்துத் தொடக்கக் குழுவை எந்தெந்த கிளப் எடுக்கிறது, எந்த மாலை என்று ஒரு பட்டியலை வெளியிடுங்கள். தேர்வை முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு அதை நாங்கள் தமிழிலும் கொண்டுசேர்க்கிறோம்.

இப்படிக்கு,
கவுண்டியின் கிளப்புகளில் பிள்ளைகளுக்குப் பயிற்சியளிக்கும் தமிழ்த் தன்னார்வலர்கள்