தன்முனைப்பு உரையோடு நின்றுவிடும் ஊழியர் பயிற்சி

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீலாய் வட்டாரத்தில் ரப்பரும் செம்பனையும் நின்ற நிலத்தில் இன்று பல்கலைக்கழகங்கள் நிற்கின்றன. விரிவுரையாளர்களுக்கு மாநாடு, முனைவர் பட்டம் என வளர வழி உண்டு. ஆய்வுக்கூட உதவியாளர், நூலகப் பணியாளர், கிராணி, விடுதி ஊழியர் ஆகியோருக்கு உயர்கல்வி நிறுவனங்கள் பலவற்றில் கிடைப்பது தன்முனைப்பு உரையும் மதியச் சாப்பாடும்தான்.

காசில்லை என்று சொல்ல முடியாது. 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியர்களை வேலைக்கு வைத்திருக்கும் தனியார் உயர்கல்வி நிறுவனங்கள், மாதச் சம்பளத்தில் 1 விழுக்காட்டை, ஊழியர் பயிற்சி நிதியை நிர்வகிக்கும் எச்.ஆர்.டி. கோர்ப்புக்கு லெவியாக, அதாவது கட்டாயக் கட்டணமாக, கட்ட வேண்டும். 2001ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை ஊழியரின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. அந்தப் பணத்தில் பயிற்சி நடத்த, வகுப்பு தொடங்குமுன்பே விண்ணப்பித்து ஒப்புதல் வாங்க வேண்டும். ஆண்டுக் கடைசியில் அவசர அவசரமாகச் செலவழிக்கப் பார்ப்பவர்களுக்கு, எல்லாருக்கும் பொதுவான ஓர் உரைதான் சுலபமாகக் கைக்கு வரும். அரசாங்கத் துறைக்கு 2005ஆம் ஆண்டுப் பயிற்சிக் கொள்கை ஆண்டுக்குக் குறைந்தது 7 நாள் என்று வகுத்தது. நாள் கணக்கு நிறைந்தால் வேலை தெரிந்துவிட்டது என்றாகுமா?

ஆய்வுக்கூடத்தையே பாருங்கள். உடல்நலத்துக்குக் கேடான இரசாயனங்களைக் கையாள்வோருக்கு 2 ஆண்டுக்கு ஒரு முறையாவது பயிற்சி நடத்த வேண்டும் என்கிறது 2000ஆம் ஆண்டு விதிமுறை. அட்டவணைக் கழிவுகளை, அதாவது சட்டம் பட்டியலிட்டுள்ள அபாயக் கழிவுகளை, 180 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்கிறது 2005ஆம் ஆண்டு விதிமுறை. கழிவை முதன்முதலில் ஊற்றிய தேதியைக் கலனில் எழுதி ஒட்டாவிட்டால், அந்த 180 நாளை எங்கிருந்து எண்ணுவது? நைட்ரிக் அமிலக் கழிவையும் எத்தனாலையும் ஒரே கலனில் ஊற்றி மூடியை இறுக்கினால், உள்ளே வாயு சேர்ந்து கலன் வெடிக்கக்கூடும். இதைச் சொல்லித்தர ஹோட்டல் மண்டபம் எதற்கு? ஆய்வுக்கூட உதவியாளர்கள் அன்றாடம் திறக்கும் அலமாரி முன்னால் அரை நாள் போதும்.

பராமரிப்புத் தொழில்நுட்பர்களுக்கு இன்னொரு வழி உண்டு. திறன் மேம்பாட்டுத் துறையின் பி.பி.டி. (முந்தைய அனுபவத்தை அங்கீகரிக்கும்) முறையில், வகுப்புக்குப் போகாமலே அனுபவத்தைக் காட்டி மலேசியத் திறன் சான்றிதழ் பெறலாம். அந்தத் தொழிலுக்குத் தெரிய வேண்டிய வேலைகளை வகுக்கும் தொழில்திறன் தரநிலையில் உள்ள ஒவ்வொரு வேலைக்கும் ஆதாரம் சேர்த்துக் கோப்பாகக் கொடுக்க வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வேலை முடிந்ததும் பணி உத்தரவுத் தாள் குப்பைக்குப் போகிறது. கையொப்பமிட வேண்டிய மேற்பார்வையாளர் மாற்றலாகிவிடுகிறார். மாதம் ஒரு முறை தாள்களை நகலெடுத்து, தேதியோடு படம் பிடித்து, அப்போதே கையொப்பம் வாங்கி வைப்பது நல்லது.

குத்தகைத் துப்புரவாளர்களின் பாடுதான் மோசம். குளோரின் பிளீச்சையும் கழிவறை அமிலத்தையும் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். அதைச் சொல்ல வேண்டியது யார்? பல்கலைக்கழகம் குத்தகையாளரைக் காட்டும், குத்தகையாளர் பல்கலைக்கழகத்தைக் காட்டுவார். வேலைக்கு வரும் முதல் வாரத்திலேயே, சம்பளத்தோடு, தொழிலாளிக்குப் புரியும் மொழியில் பயிற்சி என்ற விதியை அடுத்த டெண்டர் பத்திரத்தில் பதிவாளர் அலுவலகங்கள் சேர்க்க வேண்டும்.

வாசகர்,
நீலாய், நெகிரி செம்பிலான்