ஜென்டியின் கால்களில் குறையில்லை: ரெய்டர்ஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.-இல் ஆடும் லாஸ் வேகஸ் ரெய்டர்ஸ் அணியின் உரிமையாளர் மார்க் டேவிஸ், பங்குதாரர் டாம் பிரேடி, பொது மேலாளர் ஜான் ஸ்பைடெக் ஆகியோருக்கு,

வணக்கம். 2025 சீசன் 3 வெற்றி, 14 தோல்வி என்று முடிந்திருக்கிறது. எல்லாவற்றையும் எழுத உட்கார்ந்தால் பக்கம் போதாது. ஒன்றே ஒன்றை மட்டும் கேட்கிறேன்: நம் அணியால் ஏன் பந்தை ஏந்தி ஓட முடியவில்லை?

2024-இல் ஓட்டத்தில் 32 அணிகளில் கடைசி இடம், ஆட்டத்துக்கு 79.8 யார்டு. அதற்கு மருந்தாக 2025 டிராஃப்டில், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், ஆறாவது ஆளாக ஆஷ்டன் ஜென்டி என்ற ஓட்டக்காரரை எடுத்தீர்கள். அதற்கு அப்புறமும் அடிமட்டத்திலேயே கிடக்கிறோம். இப்போது ரசிகர்களில் ஒரு சாரார் ஜென்டி மீதே பழியைப் போடுகிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க மனம் வரவில்லை.

பாய்ஸி ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக 2024-இல் 2,601 யார்டு ஓடியவர் அவர். பாரி சாண்டர்ஸ் 1988-இல் ஓடிய 2,628-க்கு அடுத்தபடி அதுதான். நம் அணிக்கு முதல் ஆட்டம், நியூ இங்கிலாந்தில்: 19 முறை பந்து வாங்கி 38 யார்டு. பந்து கைக்கு வந்து இரண்டு எட்டு வைப்பதற்குள் எதிரணி ஆள் முன்னால் வந்து நின்றால் யார்தான் ஓடுவார்? கல்லூரியில் நிமிர்ந்து, அசையாமல் நின்று பந்தை எதிர்பார்ப்பது அவர் பழக்கம். இங்கே வந்ததும் அதை மாற்றிக் குனிந்து நிற்க வைத்தார்கள். நான்காவது வாரம், சிகாகோ பேர்ஸுக்கு எதிராக, பழையபடி நிமிர்ந்து நின்றார். அன்று 138 யார்டு, அதில் ஒரே ஓட்டத்தில் 64. நின்ற விதம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். முன்னால் ஒரு சந்து திறந்தால் அவர் என்ன செய்வார் என்பதை அன்று எல்லாரும் பார்த்தோம், அவ்வளவுதான்.

நம் முன்னாள் ஓட்டக்காரர் ஜோஷ் ஜேக்கப்ஸ் கதையையும் நினைத்துப் பாருங்கள். 2022-இல் நமக்காக 1,653 யார்டு ஓடி லீகிலேயே முதலிடம். 2023-இல் அதே ஆளுக்கு 805. ஆள் முடிந்துவிட்டார் என்று நம்மவர்களே பேசினார்கள். 2024-இல் கிரீன் பே பேக்கர்ஸுக்குப் போனார், 1,329 யார்டு ஓடினார். கால்கள் அதே கால்கள்தான். முன்னால் நின்று வழி திறந்துவிடும் முன்வரிசை ஐந்து பேர்தான் வேறு.

அந்த ஐந்து பேர் செய்வது என்ன? பந்து நகர்ந்ததும், வரிசையின் நடுவில் நின்று பந்தைப் பின்னால் தரும் சென்டரும் அவர் பக்கத்தில் நிற்கும் கார்டும் சேர்ந்து எதிரில் நிற்கும் பெரிய ஆளைத் தோளோடு தோள் கொடுத்துத் தள்ள வேண்டும். தள்ளிக்கொண்டே ஒரு கண் அந்த ஆளுக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர் (எதிரணியின் இரண்டாம் வரிசைத் தடுப்பாளர்) மேல் இருக்க வேண்டும். அவர் எந்தப் பக்கம் அசைகிறாரோ, அந்தப் பக்கத்து ஆள் விலகிப் போய் அவரை மறிக்க வேண்டும். யார் விலகுவது, எப்போது விலகுவது என்று வாய்விட்டுப் பேசிக்கொள்ள அங்கே நேரமில்லை. ஒரு விநாடிக்குள் நடந்து முடிகிற காரியம் அது. முந்தி விலகினால் பெரிய ஆள் உள்ளே புகுந்துவிடுவார். பிந்தினால் லைன்பேக்கர் வந்து சேர்ந்துவிடுவார். கபடியில் கை கோத்து நிற்பவர்களில் ஒருவர் பிடி விட்டாலே சங்கிலி போய்விடுகிறதே, அப்படித்தான். பக்கத்தில் நிற்பவரோடு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் பழகினால்தான் இது கைவரும்.

அந்தப் பழக்கத்துக்கு நாம் எங்கே இடம் கொடுத்தோம்? 2023 சீசன் நடுவில் தலைமைப் பயிற்சியாளர் ஜோஷ் மெக்டேனியல்ஸ் நீக்கம். 2024 நவம்பரில் தாக்குதல் ஆட்டப் பயிற்சியாளர் லூக் கெட்ஸி நீக்கம், கூடவே முன்வரிசைப் பயிற்சியாளரும். 2025 நவம்பரில் அதே பொறுப்பிலிருந்த சிப் கெல்லி நீக்கம். மூன்று சீசன், மூன்றிலும் நடுவழியில் ஆள் மாற்றம். ஒவ்வொருவருக்கும் ஒரு முறை, ஒரு சொல்வழக்கு. ஜாக்சன் பவர்ஸ்-ஜான்சன் 2023-இல் கல்லூரி அளவில் சிறந்த சென்டருக்கான ரிமிங்டன் விருது வாங்கியவர். அவரை எடுத்துவந்து 2025-இல் கார்டாக நிறுத்தினீர்கள். இதற்கு என்ன விளக்கம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. முன்வரிசையின் இடது ஓரத்தில் நிற்கும் கோல்ட்டன் மில்லர் காயப்பட்டது துரதிர்ஷ்டம், அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஒருவர் படுத்தால் வரிசையே படுத்துவிடும் நிலையில் அணியை வைத்திருந்ததற்கு மட்டும் நிர்வாகம்தான் பொறுப்பு.

பிரேடி, ஸ்பைடெக் இருவருக்கும் நான் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை. டாம்பா பே பக்கனியர்ஸ் அணியில் இதைக் கூடவே இருந்து பார்த்தவர்கள் நீங்கள். 2022 சீசனுக்கு முன் அலி மார்பெட் ஓய்வு பெற்றார், அலெக்ஸ் கேப்பா வேறு அணிக்குப் போனார், ரையன் ஜென்சன் பயிற்சி முகாமிலேயே முழங்கால் காயத்தோடு படுத்தார். நடுவில் நின்ற மூவரும் ஒரே மூச்சில் காலி. அந்த ஆண்டு ஆட்டத்துக்கு 76.9 யார்டு, லீகில் கடைசி. ஓட வழியில்லாததால், அங்கே குவாட்டர்பேக்காக, அதாவது பந்தை வீசுபவராக ஆடிய பிரேடி 733 முறை பந்தை வீச வேண்டியிருந்தது. 2023-இலும் கடைசிதான். ஆனால் அங்கே பதறவில்லை. 2022-இல் லூக் கெடிக்கி, 2023-இல் கோடி மாக், 2024-இல் முதல் சுற்றிலேயே சென்டர் கிரகாம் பார்ட்டன் என்று வருடம் ஒருவராக வரிசையைக் கட்டினார்கள். 2024-இல் ஆட்டத்துக்கு 149.2 யார்டு, லீகில் நான்காம் இடம். 1,122 யார்டு ஓடிய பக்கி இர்விங் நான்காவது சுற்றில் கிடைத்தவர்!

டேவிஸ் அவர்களே, உங்கள் தந்தை காலத்து அணியை நான் நினைவுபடுத்தத் தேவையில்லை. 1977 ஜனவரியில் மினசோட்டாவுக்கு எதிரான சூப்பர் பௌலில், லீகின் இறுதிப் போட்டியில், 266 யார்டு ஓடினோம். ஆர்ட் ஷெல், ஜீன் அப்ஷா என்ற இருவர் இடதுபுறம் வழிவிட, ஓட்டக்காரர் கிளாரன்ஸ் டேவிஸ் மட்டும் 137 யார்டு.

2026 டிராஃப்டில் முதல் தேர்வு நமக்குக் கிடைத்தது. குவாட்டர்பேக்தான் வேண்டும் என்றால் எடுங்கள், எனக்கு மறுப்பில்லை. எதிரணி வீச்சுக்குப் பயந்தால் ஓட்டத்துக்கும் கொஞ்சம் இடம் கிடைக்கும். ஆனால் அடுத்த சுற்றுகளிலும், ஆட்களை ஒப்பந்தம் செய்யும்போதும், முன்வரிசைக்கே முதல் பங்கு கொடுங்கள். பவர்ஸ்-ஜான்சனை சென்டராக நிறுத்தி அங்கேயே விடுங்கள். முன்வரிசைப் பயிற்சியாளருக்கு, தலைமைப் பயிற்சியாளரே மாறினாலும் மூன்று சீசன் உறுதி கொடுங்கள். ஜென்டியின் ஒப்பந்தம் நான்கு ஆண்டு. அதில் ஒன்று ஏற்கெனவே போய்விட்டது.

அன்புடன்,
ஒரு ரெய்டர்ஸ் ரசிகன்