போர்டுவியூ கோப்புகளை எங்களுக்கும் கொடுங்கள்

மடிக்கணினி, கைபேசி தயாரிக்கும் நிறுவனங்களுக்கு,

வணக்கம். நான் போர்டு சர்வீஸ் பார்ப்பவன், அதாவது பழுதான சர்க்யூட் போர்டுகளைச் சரிசெய்பவன். உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற ஒரு கோப்பைக் கேட்டுத்தான் இந்த மடல்: போர்டில் எந்தப் பாகம் எங்கே இருக்கிறது என்று திரையில் காட்டும் போர்டுவியூ.

போன வாரம் ஒரு மடிக்கணினி வந்தது. சார்ஜரைச் செருகினாலும் அசைவே இல்லை. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 19 வோல்ட் மின்சாரம் போகும் லைன் கிரவுண்டோடு ஷார்ட், அதாவது நேராக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த லைனில் முப்பது நாற்பது கெபாசிட்டர் இருக்கும். ஏதோ ஒன்று போயிருக்கிறது. எது? இப்போதைய போர்டுகளில் 0.6 மில்லிமீட்டர் நீளம், 0.3 மில்லிமீட்டர் அகலத்தில்கூடப் பாகங்கள் வருகின்றன. பக்கத்தில் பெயர் அச்சிட இடம் ஏது?

ஸ்கீமேட்டிக், அதாவது சர்க்யூட் படம், கையில் இருந்தது. எது எதோடு சேர்கிறது என்று அது சொல்லும்; போர்டில் எந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லாது. போர்டுவியூவில் லைன் பெயரைச் சொடுக்கினால் அதில் சேர்ந்த அத்தனை கால்களும் பளிச்சென்று தெரிந்துவிடும்.

யாரோ விற்ற கோப்பைக் காசு கொடுத்து வாங்கினேன். அது வேறு ரிவிஷன், அதே போர்டின் வேறொரு பதிப்பு. கெபாசிட்டர் இருப்பதாக அது காட்டிய இடத்தில் என் போர்டில் பாகமே இல்லை, சால்டர் வைக்கிற வெறும் பேட். அப்புறம் பழைய வழிதான்: லைனுக்கு 1 வோல்ட் கொடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தடவி, முதலில் எங்கே காய்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்; ஷார்ட்டான பாகம்தான் சூடாகும். ஐசி ஒன்றின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த கெபாசிட்டர். கழற்றியதும் ஷார்ட் போய்விட்டது. கழற்ற ஒரு நிமிடம், தேட ஒரு மதியம்.

டிசைனைக் காப்பியடித்துவிடுவார்கள் என்பீர்கள். கெர்பர் கோப்பைக் கேட்டால் அந்தப் பயம் நியாயம். அதில் ஒவ்வொரு அடுக்கின் செம்புத் தடமும் இருக்கிறது, அதை வைத்துப் போர்டே அடித்துவிடலாம். போர்டுவியூவில் பொதுவாக இருப்பது போர்டின் வெளிக்கோடு, பாகங்களின் இடம், கால்கள், லைன் பெயர்கள், மீட்டர் வைத்து அளக்கிற டெஸ்ட் பாயிண்ட். தடங்கள் கிடையாது. ஃபாக்டரியில் போர்டைச் சோதிக்கவும் பழுது பார்க்கவும் நீங்களே பயன்படுத்துகிற கோப்பு வகைதான் இது. நிஜமாகவே காப்பியடிக்கிறவன் ஒரு போர்டை வாங்கி அடுக்கடுக்காக உரித்து ஸ்கேன் செய்துகொள்வான்.

1981இல் ஐபிஎம் தன் பிசிக்கான தொழில்நுட்பக் கையேட்டில் சர்க்யூட் படங்களோடு, கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் நிரலையும் சேர்த்தே அச்சிட்டது. நகல் பிசிக்கள் வந்தன, உண்மைதான். நான் கேட்பது அதில் கால்வாசிகூட இல்லை.

டிசைன் பழகுபவர்களுக்கும் இது பாடம். சிப்பின் பவர் காலுக்கு எவ்வளவு நெருக்கமாகக் கெபாசிட்டர் வைத்திருக்கிறார்கள் என்பதை நிஜ போர்டில் பார்ப்பது வேறு.

புது மாடலுக்குத் தயக்கம் என்றால் சரி, விற்பனை நின்றுபோன மாடல்களில் தொடங்குங்கள். பூட்டுப் போடாமல், ஓப்பன்போர்டுவியூ போன்ற இலவச மென்பொருளில் திறக்கிற மாதிரி கொடுங்கள். கோப்பின் பெயரில் போர்டில் அச்சிட்டிருக்கும் ரிவிஷன் எண்ணை மறக்காமல் போடுங்கள்.

இப்படிக்கு,
போர்டு சர்வீஸ் பார்க்கும் ஒருவன்